ரோகிணி முடியுற வரைக்கும்

வாசிங் மிசினா? எப்ப வாங்குனீங்க? போன தீபாவளிக்கா. அப்ப ஒண்ணும் பயப்படாதீங்க தம்பி, இன்னும் நாள் கெடக்கு. ரெண்டு வருசம் டயம் குடுத்திருக்காக. அதுக்குள்ள மனுவப் போட்டுட்டீங்கன்னா கம்பெனிக்காரன் வாயத் தொறக்க முடியாது. ரெண்டு வருசம் தாண்டிருச்சுன்னா ஏன் லேட்டுன்னு காரணம் சொல்லணும். அந்தக் காரணத்த இந்தக் கோர்ட்டு ஏத்துக்கணும். அங்கதான் ஆளப் போட்டுக் குடைவாக. உக்காருங்க, இன்னும் கூப்பிட ஆரம்பிக்கல. அந்த ஃபேனுக்குக் கீழ வேண்டாம், தூசி விழும். இந்தப் பக்கம் வாங்க.

என் பேரு தங்கப்பழம். ஊரு கோவில்பட்டிப் பக்கம், பாத்திரக்கடை வச்சிருக்கேன். நானும் கேசுக்குத்தான் தூத்துக்குடிக்கு, இந்த நுகர்வோர் கோர்ட்டுக்கு வந்திருக்கேன். ஆஸ்பத்திரி கேசு. என் மக சங்கரேஸ்வரி, அவ பிள்ளைக்காகப் போட்டிருக்கா. நான் சாட்சி. இன்னைக்கு என்னைத்தான் உள்ள கூப்பிட்டுக் கேக்கப் போறாக. அவ இப்ப வந்துருவா, பிள்ளையத் தூக்கிட்டு ஆட்டோவுல வரணும்ல.

ஆஸ்பத்திரி கேசு ஒங்க மிசின் கேசு மாதிரி கிடையாது. மிசின் சுத்தலைன்னா யாரு வேணா பாத்துச் சொல்லிரலாம். வைத்தியம் பலிக்கலைன்னு சொல்லி டாக்டர் மேல கேசு போட முடியாது. ஆளு செத்தே போனாலும், செத்துட்டாங்கிறதுக்காக மட்டும் போட முடியாது. ஒரு சாதாரண டாக்டர் செய்ய வேண்டியத இவுக செய்யலைன்னு காட்டணும். நம்ம வாயால சொன்னாப் பத்தாது, இன்னொரு டாக்டர் எழுதித் தரணும். நாலு விசயம் இருக்கு தம்பி, எனக்கு மனப்பாடம். அந்த டாக்டர் நம்மளப் பாக்குறேன்னு ஏத்துக்கிட்டிருக்கணும். தப்பு நடந்திருக்கணும். நமக்கு ஒரு கேடு வந்திருக்கணும். நாலாவது ஒண்ணு... என்னமோ சொன்னாகளே. நாக்குல நிக்கிது. வரும்.

என் பேரனுக்கு ரெண்டு வயசு தாண்டிருச்சு. உக்கார மாட்டான். கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். திடீர்னு வெட்டி இழுக்கும். கஞ்சிய ஸ்பூன்ல விட்டு, அவன் முழுங்குற வரைக்கும் காத்திருந்து, மறுபடி விடணும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. பொறக்கும்போது மூளைக்கு மூச்சு பத்தலையாம். இனிமே சரியாகாதுன்னுட்டாக. காலம் பூரா ஒரு ஆளு பக்கத்துலயே இருக்கணும். அந்த டாக்டரம்மா நேரத்துக்கு அறுத்து எடுத்திருந்தா அவன் இந்நேரம் இந்த வராந்தாவுல ஓடிக்கிட்டு இருப்பான்.

வேதாந்த்னு பேரு. நட்சத்திரத்துக்கு 'வே'யில வைக்கணும்னு சொன்னாக, நான்தான் வச்சேன். சாதகம் எழுதி வச்சிருக்கேன் தம்பி. நான் எத்தனையோ சாதகம் பாத்தவன், இப்படி ஒண்ணு பாத்ததில்ல. வண்டி வாகனம், நெலபுலம், பத்துப் பேருக்கு உக்கார வச்சுச் சோறு போடுவான். எல்லாம் இருக்கு அதுல.

மக சங்கரிக்கு எட்டு வயசா இருக்கும்போதே என் வீட்டுக்காரி போய்ச் சேந்துட்டா. இவளையும் இவ அண்ணன் ரத்தினவேலையும் நான் ஒத்த ஆளா வளத்தேன். தலைசீவி, பின்னி, பூ வச்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவன் நான். கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ள மஸ்கட்டுக்குப் போயிட்டாரு. தலப்பிரசவம் தாய் வீட்டுலதான? தாய் இல்லன்னா என்ன, நான் இருக்கேன்னு கூட்டிட்டு வந்தேன். எங்க வியாபாரிகள் சங்கத்துக் கட்டடத்துலதான் அந்த ஆஸ்பத்திரி. நான் அப்ப சங்கத்துக்குச் செயலாளர். டாக்டரம்மா என்னைப் பாத்தா எந்திரிச்சு நிப்பாக, 'அண்ணாச்சி, ஒங்க மக எனக்குத் தங்கச்சி மாதிரி'ம்பாக. அந்த அளவுக்குப் பழக்கம்.

டாக்டரம்மா சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முந்தியே வலி வந்துருச்சு. விடியக்காலம் கூட்டிட்டுப் போனேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒம்பது மணி வாக்குல டாக்டரம்மா வேகமா வெளிய வந்தாக. வராந்தாவுல நான் மட்டும்தான். "அண்ணாச்சி, பிள்ளைக்குத் துடிப்பு எறங்குது. தியேட்டர் ரெடி. இப்பவே ஆப்பரேசன் பண்ணணும்"னாக.

அன்னைக்கு ரோகிணி.

ஒங்களுக்கு அதெல்லாம் நம்பிக்கை உண்டோ என்னமோ. ரோகிணியில ஆம்பளப் பிள்ள பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாது. எனக்கு இருக்குறது ஒரே பையன். ஆணா பொண்ணான்னு தெரியாதுதான். ஆணா இருந்துட்டா? நான் ஒடனே ஜோசியருக்குப் போன் அடிச்சேன். ரோகிணி ஒம்பதே முக்காலுக்கு முடியுது, அதுக்கு மேல எடுத்தா ஒரு தோசமும் இல்லைன்னாரு. மனுசன் கண்ணு முன்னாடி ஒரு வழி தெரியும்போது கேக்காம இருப்பானா? கேட்டேன். "டாக்டரம்மா, ஒரு முக்கா மணி நேரம் தாங்குமா?"

"தாங்கும்னு சொல்ல முடியாது அண்ணாச்சி"ன்னாக.

"தாங்காதுன்னும் சொல்லலையே"ன்னேன்.

நியாயமான கேள்விதான தம்பி? அவுக என்னையே பாத்தாக. "இது வெளையாட்டுக் காரியம் இல்ல. துடிப்பு எறங்கி எறங்கி ஏறுது. நான் உள்ள போகணும்"னாக. நான் கையப் புடிச்சுக்கிட்டேன். "அம்மா, நம்ம கட்டடம், நம்ம ஆஸ்பத்திரி. நாம நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கணும். என் ஒரே மகனுக்காகக் கேக்கேன்"னேன். அந்த மாசம்தான் ஆஸ்பத்திரிக் கட்டட வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கணும், அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நான் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. அவுக செவுத்துக் கடிகாரத்தப் பாத்தாக. அப்புறம் உள்ள போயிட்டாக.

சங்கரி சத்தம் வெளிய கேட்டுச்சு. "முடியல, எடுத்துருங்க, எடுத்துருங்க"ன்னு கத்துனா. எனக்குத் தாங்கல. வளத்த பிள்ளை கத்துறத எந்தத் தகப்பன் கேட்டுக்கிட்டு நிப்பான்? கீழ எறங்கி டீக்கடையில போயி நின்னேன். திரும்பி வந்தப்ப ரோகிணி முடிஞ்சிருந்துச்சு, பிள்ளையும் பொறந்திருந்துச்சு. ஆம்பளப் பிள்ள. பாத்தீங்களா, நான் பயந்தது சரியாப் போச்சு. ஆனா அழல. நீலமா இருந்தான். அங்க இருந்து ஆம்புலன்ஸ்ல மதுரைக்கு.

நான் சொன்னேன், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் யாரு? ஏழாங் கிளாஸ் படிச்சிட்டு எவர்சில்வர் குடம் விக்கிறவன். நான் ஆயிரம் சொல்லுவேன். பெத்தவனுக்குப் பதறும், எதையாவது சொல்லத்தான் செய்வான். படிச்ச டாக்டர் அதக் கேக்கலாமா? "தள்ளிப் போய்யா"ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டு உள்ள போயிருக்க வேண்டாமா? போயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? மூலையில உக்காந்திருப்பேன். தப்பு யாரு மேல? நீங்களே சொல்லுங்க.

நீங்க சொல்ல மாட்டீங்க. யாரும் சொல்ல மாட்டாக.

சங்கரி மதுரை ஆஸ்பத்திரியில இருந்து நேரா மாமியார் வீட்டுக்குப் போயிட்டா. மூணு மாசம் நம்ம வீட்டுல இருக்க வேண்டிய பிள்ளை. தொட்டில் வாங்கி மாட்டி வச்சிருந்தேன். வரல. நான் போயிப் பாத்தாலும், உக்காருங்கப்பாம்பா, காப்பி குடுப்பா. பிள்ள உள் ரூம்ல தூங்கும். ஒரு நாள் கேட்டா: "டாக்டரம்மா எனக்கு ஒடனே ஆப்பரேசன்னு சொல்லிட்டுத்தான்ப்பா வெளிய போனாக. திரும்பி வந்து, கொஞ்சம் பொறுத்துக்கோம்மான்னாக. நடுவுல வெளிய என்ன நடந்துச்சு?"

"நான் டீக்கடைக்குப் போயிருந்தேன்ம்மா"ன்னேன். பொய் இல்லையே. போயிருந்தேன்தான.

அப்புறம் நான்தான் வக்கீல் புடிச்சேன். ரெஜினான்னு பேரு, நம்ம பக்கத்து ஆளு, கெட்டிக்காரின்னு எல்லாரும் சொன்னாக. அவுகதான் இந்த நாலு விசயத்தையும் எனக்குச் சொல்லிக் குடுத்தது. ஆங், நாலாவது வந்துருச்சு. அந்தத் தப்பாலதான் இந்தக் கேடு வந்துச்சுன்னு காட்டணும். ரெண்டுக்கும் நடுவுல கண்ணி அறுந்துறக் கூடாது. ரெஜினா அரசாங்க டாக்டருக கிட்ட காயிதத்தையெல்லாம் காட்டி அபிப்பிராயம் வாங்குனாக. லேட் ஆகியிருந்தா பிள்ளைக்கு இப்படி ஆக எடமுண்டு, ஆனா லேட் ஆனதுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாக. துடிப்பு எறங்குன ஒடனே நான் ஆப்பரேசன் பண்ணிட்டேன்னு டாக்டரம்மா சொல்றாக. எப்படிப் பச்சையாப் பொய் சொல்றாக பாருங்க. நான் பக்கத்துல நின்னவன், எனக்குத் தெரியாதா?

அப்ப ரெஜினா என்னைப் புடிச்சுக்கிட்டாக. "அண்ணாச்சி, தியேட்டர் ரெடி, மயக்க டாக்டர் ரெடி. ஒரு டாக்டர் சும்மா நிக்க மாட்டாக. எதுக்கு நின்னாக?"

"அத அவுககிட்டல்ல கேக்கணும்"னேன்.

"அவுக சொல்ல மாட்டாக. சொன்னா மாட்டிக்கிருவாக. அங்க வேற யாரு இருந்தா?"

"நான் டீக்கடையில இருந்தேன்."

அவுக பேனாவ மூடி வச்சுட்டாக. "நீங்க சொல்ற வரைக்கும் நான் எழுத முடியாது அண்ணாச்சி. காரணம் இல்லாத கேசு நிக்காது"ன்னாக. சரி, யோசிச்சு வாரேன்னு வந்துட்டேன். அப்புறம் ஆடி வந்துச்சு, ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாது. அப்புறம் கடையில கல்யாண சீசன். அப்புறம் மார்கழி. அவுகளும் போன் பண்ணுவாக, "அண்ணாச்சி, நாள் ஓடுது, ரெண்டு வருசம் முடியப் போவுது"ம்பாக. நான் தை பொறக்கட்டும்பேன். அப்படியே ரெண்டு வருசம் முடிஞ்சுபோச்சு. நடுவுல சங்கரி கேட்டப்பல்லாம் கேசு நடக்குதும்மான்னு சொல்லி வச்சிருந்தேன். பாதி நடந்துக்கிட்டுத்தான இருந்துச்சு.

எனக்கு வந்த கோவத்துக்கு ரெஜினா மேலயே கேசு போடணும்னு இன்னொரு வக்கீலப் போயிப் பாத்தேன். வக்கீல் பாத்துப் பாத்துக் காலத்தக் கோட்டை விட்டா கட்சிக்காரன் சும்மா இருக்கணுமா? அவரு சொன்னாரு, வக்கீல் மேல இந்த நுகர்வோர் கோர்ட்டுல வர முடியாது, பார் கவுன்சில்ல எழுதிக் குடுக்கலாம், இல்ல சிவில் கோர்ட்டுல நஷ்டம் கேக்கலாம்னு. சரி போடுங்கன்னேன். ஒடனே அவரும் அதே மாதிரி ஆரம்பிச்சிட்டாரு. ரெஜினா நாள் முடியப் போறத ஒங்ககிட்ட சொன்னாகளா? அவுக கேட்ட விவரத்த நீங்க குடுத்தீங்களா? ஏன் குடுக்கல? எனக்குச் சலிச்சுப்போச்சு தம்பி. எங்க போனாலும் நம்மளையே கேக்காக. தப்புப் பண்ணவுகள ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாக. நான் தை பொறக்கட்டும்னு சொன்னா ஒரு வக்கீல் சரின்னு உக்காந்திருக்கலாமா? நான் சட்டம் படிச்சவனா?

சங்கரி ஒரு நாள் நேரா ரெஜினா ஆபீசுக்கே போயிட்டா. அங்க போயித்தான் தெரிஞ்சிருக்கு, இத்தனை நாளா ஒரு மனுகூடப் போடலைன்னு. ஏன்னு கேட்டிருக்கா. "ஒங்கப்பாகிட்ட கேளும்மா"ன்னு மட்டும் சொன்னாகளாம். அவ என்கிட்ட வந்து கேக்கல. வந்திருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன். கேக்காமலே, ரெஜினாவ வச்சே, அவ பேருல மனுவப் போட்டா. மனு லேட்டானதுக்குக் காரணம், எங்கப்பா அறிவாருன்னு எழுதியிருக்கா. டாக்டர் நின்ன காரணமும் எங்கப்பா அறிவாருன்னு எழுதியிருக்கா. அப்புறம் எனக்குச் சம்மன் வந்துச்சு, வீட்டுக்கு. தெருவே பாக்க, கையெழுத்துப் போட்டு வாங்குனேன்.

நான் உள்ள போயி உள்ளதச் சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். டாக்டரம்மா மாட்டுவாக. பிள்ளைக்கு ஒரு வழி பொறக்கும், ஆள் வச்சுப் பாக்கலாம், வைத்தியம் பாக்கலாம். ரெஜினா நேத்துகூட போன்ல சொன்னாக: "அண்ணாச்சி, நீங்க ஏதாவது கேட்டிருந்தாலும் அது குத்தம் இல்ல, அவுக நின்னதுதான் குத்தம். சட்டம் அப்படித்தான் பாக்கும். வாயத் தொறந்து சொல்லிருங்க போதும்." சட்டம் பாக்கும். என் மக எப்படிப் பாப்பா? "அண்ணனுக்காக என் பிள்ளைய நிறுத்தி வச்சீங்களா"ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா, அப்புறம் நான் எங்க போயி நிக்கிறது? என்னைக்கு அவளுக்கும் அவனுக்கும் நான் வித்தியாசம் பாத்தேன்? ஒரே தட்டுல ஊட்டி வளத்தவன் தம்பி.

அவன் பெங்களூர்ல இருக்கான். நல்லா இருக்கான். இன்னைக்கு வரைக்கும் ஒரு காய்ச்சல் தலைவலின்னு படுத்ததில்ல. அத யாரும் யோசிக்க மாட்டாக. போன் பண்ணாத்தான் எடுக்க மாட்டேங்கிறான், வேலை அப்படி.

அந்தக் கட்டட ஒப்பந்தமா? புதுப்பிச்சுக் குடுத்தாச்சு. பிள்ளை மதுரையில கெடக்கும்போதே நான்தான் கையெழுத்துப் போட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க, மாட்டேன்னா சங்கத்துல ஏன்னு கேப்பாகள்ல.

அதனால நான் முடிவு பண்ணிட்டேன். டீக்கடையில இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ்வளவுதான். கேசு போனாப் போகுது. கடைய பேரன் பேருக்கு எழுதி வச்சிருதேன். ரத்தினவேலக் கேட்டுட்டு எழுதி வைக்கணும்.

இந்தா, சங்கரி வந்துட்டா. அந்தத் தூணுக்கிட்ட நிக்கிறா பாருங்க, பச்சைச் சேலை. தோள்ல கெடக்கானே, அவன்தான். எளைச்சுப்போயிட்டா. கூட ரெஜினாவும் வந்திருக்காக. இங்கிட்டுப் பாக்க மாட்டா, நீங்க பேசாம இருங்க.

என்னைத்தான் கூப்பிடுதாங்க. கேட்டீங்களா, தங்கப்பழம்னு. வாரேங்க, ஐயா, வாரேன்.

என்னம்மா? என்ன, இவனையா? நான் உள்ள போகணும்மா, கூப்பிட்டாச்சு. சங்கரி. சங்கரி, இரும்மா.

பாத்தீங்களா தம்பி, மடியில வச்சுட்டுப் போறா. பொறந்த நாள்ல இருந்து எங்கையில குடுத்ததே இல்ல. நான் கேட்டும் குடுத்ததில்ல. என்ன சொல்லிட்டுப் போறான்னு ஒங்களுக்குக் கேட்டுச்சா? "உள்ள போயி என்ன வேணாலும் சொல்லுங்கப்பா. நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன். இவனக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லுங்க." அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பாக்கல. உள்ள போயி உக்காந்துட்டா.

என்ன கனம் இருக்கான். பாத்தா லேசாத் தெரியுது. மூஞ்சியப் பாருங்க, அப்படியே ரத்தினவேலு. சின்னதுல அவனுக்கும் இதே நெத்திதான். எனக்கு யாரும் சொல்லலையே.

மறுபடி கூப்பிடுறாக. வாரேங்க.

தம்பி, ஒங்களுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? ஒரு அஞ்சு நிமிசம் இவன வாங்கிக்கங்க. நான் போயிச் சொல்லிட்டு ஓடியாந்துருதேன். பிள்ளையத் தூக்கிட்டுப் போயி எப்படிச் சாட்சி சொல்றது, கோர்ட்டுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல. இந்தாங்க. கழுத்துக்குக் கீழ கையக் குடுங்க, தலை நிக்காது. அப்படி இல்ல, இந்தக் கைய. ஆங். ஒண்ணும் பயப்படாதீங்க, அழ மாட்டான். யாரு வச்சிருக்காங்கன்னெல்லாம் அவனுக்குத் தெரியாது.